வயிற்றுவார்

கந்தோர், லாச்சி, கக்கூசு.
அவர்கள் விட்டுப்போன சொற்களுக்குள்தான்
எட்டிலிருந்து நாலரை வரை எனக்கு வேலை,
புளியந்தீவில், தேவாலய வளவின் பின்பக்கம்
வாவிக்காற்று சாளரத்தை அடித்துக்கொண்டிருக்கும் அறையில்.

மெல்பேர்னிலிருந்து கடிதம்.
ரெஜினல்ட் பிரிங்க்மன், வயது எழுபத்தாறு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
தகப்பன் வழி முடித்துவிட்டாராம்,
சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறதாம்.
இனித் தாய்வழி. தாயின் தாயின் தாய் என்று
ஆறாவது தாய் கொர்னேலியா.
"சுத்த ஒல்லாந்து இரத்தம்" என்பதன் கீழ்
இரண்டு கோடு. அடிமட்டம் வைத்து இழுத்தது.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் கூரை போன இரவு
கோயில் கூட்டுகிற ஒருவர்
தன் மழைக்கோட்டைக் கழற்றிப் போர்த்திய பதிவேடு இது.
அவர் பெயர் யாருக்கும் நினைவில்லை.
பக்கங்கள் பொரித்த அப்பளம்.
மூச்சை அந்தப்பக்கம் திருப்பி விடுகிறேன்.

கொஞ்சம் படித்திருக்கிறேன் அவர்கள் மொழி.
தகப்பன், ஃபாடர்.
மகள், டொக்டர். இந்த ஊரில் எந்தத் தாய்க்கும் பிடிக்கும்.
தாய், மூடர்.
முதல்நாள் தனியே இருந்து சிரித்தேன்.

1771, ஓகஸ்ட்.
பிள்ளை: கொர்னேலியா.
ஃபாடர்: யான் ஹென்ரிக் மோல்டர், கோட்டைப் பீரங்கிக்காரன்,
பிறந்த இடம் மிடெல்பேர்க்.
மூடர்: ஊர்ப் பெண் ஒருத்தி.

எவன் வந்த கப்பல் எது என்பதுவரை எழுதிய கை
அந்த இடத்தில் மூன்று சொல்லோடு எழும்பிவிட்டது.

மூன்று நாள் புரட்டினேன்.
1774இல் வந்தாள்.
வளர்ந்த பெண். கற்பனைகள் பத்தையும் ஒப்புவித்து
முழுக்குப் பெற்றவள்.
சுசன்னா ஃபான் பட்டிக்கலோ. மட்டக்களப்புச் சுசன்னா.
"பீரங்கிக்காரன் மோல்டரின் பிள்ளைக்குத் தாய்."
தகப்பன் பெயர் வரவேண்டிய இடத்தில்
ஊரை எழுதியிருக்கிறான்.
அடிமைக்கும் விடுபட்டவளுக்கும் அப்படி எழுதுவது வழக்கமாம்.
முன்பு அழைத்த பெயர் இன்னது என்றும் அதே வரியில் இருக்கிறது,
இருந்தது.
அங்கேதான் பூச்சி தின்றிருக்கிறது.
மிச்சம்: ம்மை.

வெள்ளம்மை, கண்ணம்மை, காளியம்மை
ஒவ்வொன்றாய் ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தேன்.
எல்லாம் அளவாய் இருந்தன.

கையொப்பத்துக்குப் பெருக்கல் குறி.
ஒரு கால் நீளம்.
அழுத்திய அழுத்தத்தில் மை மறுபக்கம் ஊறியிருக்கிறது.

ஐயா,
கலியாணம் பேச வந்தவர்கள் எங்கள் வீட்டில்
முதலில் கேட்டது, தாய் என்ன குடி.
கோயிலில் பங்கு கேட்டுப் போனாலும் அதையேதான் கேட்பார்கள்.
நான் வேதக்காரி. இருந்தும்
பதில் கையில் இருந்தது.
வயிற்றுவார் என்போம்.
வயிற்றிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் வார்.
மிடெல்பேர்க்கான் அதில் வந்துபோன மாப்பிள்ளை.
கொர்னேலியாவும், பிறகு வந்த ஐந்து பெண்களும்,
கடைசியில் அளவுகோலோடு நீங்களும்
அந்த ம்மையின் குடி.

இதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு வரவில்லை.
குடி என்று அகராதியில் தேடினால்
முதலில் சாராயம் வருகிறது.

அனுப்பியது படியெடுத்த இரண்டு தாள், முத்திரை குத்தி.
ஐந்நூறு ரூபாவுக்குப் பற்றுச்சீட்டு.
ஓட்டையின் படம் ஒன்று,
முற்றத்து வெயிலில் பிடித்தது.
பூச்சி குடைந்த வழி நேராய் இறங்கியிருந்தது.
பதினொரு பக்கத்துக்குக் கீழே
வேறு யாரோ வீட்டு வரியிலிருந்து
ஒரு சொல் மேலே பார்த்துக்கொண்டிருந்தது:

டொக்டர்.